ஐந்து நகல்கள்

மார்ச் 4

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

என் மகள் வாசலில் நின்று மணியடித்தும் நான் கதவைத் திறக்கவில்லை என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறது. எங்கள் தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பிப்ரவரி 11ஆம் தேதி, மதியம் இரண்டே காலுக்கு அவள் வந்தாள். முதல் மணிக்கே கதவைத் திறந்தேன். கூடத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். இரண்டு மணிக்கட்டுகளிலும் களிம்பு தடவினேன். ஐந்து இருபதுக்கு நானே கூட நடந்துபோய், ஐந்தரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பேருந்து திரும்பும்வரை நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தயவுசெய்து அறிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம். போன வாரம் உங்கள் களப்பணியாளர் வந்தார். நல்ல பெண். ஆனால் பேனா கொண்டுவரவில்லை. என் பேனாவை வாங்கி எழுதிவிட்டு அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வாக்குமூலத்தை விட்டுப் போயிருந்தார். அதில் இப்படி இருந்தது: "என் மகளின் மணிக்கட்டுகளில் அவள் கணவர் தாக்கியதால் ஏற்பட்ட காயங்களை நான் என் கண்ணால் பார்த்தேன்."

தாக்கியதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. கான்வென்ட்டில் எங்கள் தலைமைச் சிஸ்டர், ஒரு பொய்க்குக் கையெழுத்திட்டால் அந்தக் கையே நம்முடையது இல்லை என்பார். முப்பத்தோரு வருடம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியிருக்கிறேன். அரசாங்க வேலைக்குப் போன எத்தனையோ பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை அடித்தவருக்கு நாற்பத்தொன்று என்று ஒருபோதும் போட்டதில்லை.

ஆகையால் "அவள் கணவர் தாக்கியதால் ஏற்பட்ட" என்பதை அடித்துவிட்டேன். கீழே, "குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மகள் என்னிடம் கூறினாள். வேறெதுவும் எனக்குத் தெரியாது" என்று சேர்த்துக் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்புகிறேன்.

என் மகள் உங்கள் பொறுப்பில் இருப்பதாகக் களப்பணியாளர் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. பெற்ற தாய்க்கு அதைத் தெரிவிப்பதில் என்ன தடை என்று விளக்கவும்.

இப்படிக்கு,
அவள் தாய்


மார்ச் 8

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கதவு பற்றிய வரியைத் திருத்திவிட்டோம். தவறுக்கு வருந்துகிறேன். பேனாவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடிபட்டு வரும் ஒரு பெண் முன்பெல்லாம் ஐந்து இடத்துக்கு அலைய வேண்டும். காவல் நிலைய மகளிர் பிரிவு, மருத்துவமனை, தங்கும் இல்லம், சட்ட உதவி, மனநல ஆலோசனை (கடைசியில் சொன்னது என் பிரிவு). ஐந்து இடத்திலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது இடத்திலேயே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். இப்போது ஐந்து அலுவலகத்துக்கும் ஒரே கோப்பு. வியாழக்கிழமைதோறும் ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்காருகிறோம். ஒருமுறை சொன்னால் போதும், மறுபடி சொல்ல வேண்டாம் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் நாற்காலியில் உட்கார வைப்பதுதான் என் வேலை. பாலர் பள்ளி ஆசிரியை மாதிரிதான்.

ஆனால் ஒரே கோப்பு என்பதால், உள்ளே ஒரு தாள் தவறாக இருந்தால் ஐந்து இடத்திலும் தவறாகிவிடும்.

உங்கள் மருமகன் உங்கள் மகளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் ஒரு தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருக்கிறது. மார்ச் 22, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை நீட்டிக்க வேண்டும். உத்தரவு இருந்தால்தான் இல்லத்தில் படுக்கை. உத்தரவு போனால் மூன்று நாளில் காலி செய்ய வேண்டும் என்பது இல்லத்தின் விதி.

மருத்துவமனைச் சீட்டில் 'குளியலறையில் விழுந்ததாகக் கூறினார்' என்று இருக்கிறது. பதிவு செய்யும்போது கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். இப்போது உங்கள் தாளிலும் குளியலறை வந்துவிட்டது. கணவரையும் மருத்துவமனையையும் விட்டால், காயத்தை நேரில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அன்று மதியம் அவர் வேறு ஏதாவது சொன்னாரா, நீங்கள் வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அவர் இருக்குமிடத்தை யாருக்கும் சொல்ல முடியாது. சொன்னவர்கள் பெரும்பாலும் பெற்றவர்கள்தான் என்பது எங்கள் அனுபவம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணிவுடன்,
ஒருங்கிணைப்பாளர்


மார்ச் 12

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

பேனா கிடைத்தது. மூடி இல்லை.

யோசிக்கச் சொன்னீர்கள். எனக்கு ஞாபக மறதி கிடையாது. அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெயில் நேரம். முழுக்கை வைத்த ஆடை போட்டிருந்தாள். தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது கை மேலேறியது. "என்ன அது?" என்று கேட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா."

"ரெண்டு கையிலயுமா?"

"ஆமாம்மா."

களிம்பு எடுத்து வந்தேன். தடவி முடித்தேன். பிறகு அவள், "இன்னிக்கு ராத்திரி இங்க தங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு வந்தவ எதுக்குத் தங்கணும்? கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் சின்னப் பிள்ளையா நீ?"

சிரித்தாள். எழுந்து தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தாள். நான் வைக்கிற இடத்தில் வைக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தாள். அதையும் சொன்னேன். பிறகுதான் பேருந்துக்குப் போனோம். இவ்வளவுதான் நடந்தது. இதில் நான் சேர்க்கவோ எடுக்கவோ எதுவும் இல்லை.

இன்னொன்றையும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நேற்று மருமகன் வந்திருந்தார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மூக்கில் இருப்பதும் அவர் செய்து கொடுத்ததுதான். கூடத்தில் மின்விளக்கு போயிருந்தது, முக்காலி போட்டு ஏறி மாற்றினார். கீழே இறங்கி, "ரொம்ப நன்றி அத்தை" என்றார்.

"விளக்கை மாத்தினது நீங்க. நன்றி நான்தானே சொல்லணும்?"

"லெட்டருக்குச் சொல்றேன். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தீங்க. இந்தக் காலத்துல யாரு எழுதறா?"

பிறகு என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த துணியால் துடைத்து, திரும்பவும் மாட்டிவிட்டார். "இப்ப நல்லாத் தெரியுதா அத்தை?" என்று கேட்டார். தெரிந்தது. அவர் போனபிறகு கண்ணாடியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். காரணம் தெரியவில்லை.

நான் உங்களுக்கு எழுதியது அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் கோப்பு மேஜையில்தான் இருக்கிறதா, இல்லை தெருவில் கிடக்கிறதா?

இப்படிக்கு,
அவள் தாய்


மார்ச் 15

அன்புள்ள அம்மா,

கோப்பு தெருவில் கிடக்கவில்லை. நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் மறு தரப்புக்கு நகல் போக வேண்டும் என்பது சட்டம். உங்கள் வாக்குமூலமும் மற்ற தாள்களோடு தாக்கலானதால் அதன் நகலும் அப்படிப் போயிருக்கிறது. இதை முன்பே சொல்லாதது என் தவறு. களப்பணியாளர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். அவர் சொன்னதை உங்களுக்கு எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அன்று மதியம் அவர் தனியாக வரவில்லை. கணவரே தன் வண்டியில் கொண்டுவந்து, உங்கள் தெருமுனைத் தையல் கடையருகே நின்றிருக்கிறார். "அம்மாவைப் பாத்துட்டு வா, கை எப்படி ஆச்சுன்னு கேட்டா என்ன சொல்றேன்னு பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்கள் கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் நடந்து ஜன்னலடிக்கு வந்துவிட்டது உங்கள் மகளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்திருக்கிறது. உங்களுக்கு முதுகுப்புறம்.

"ரெண்டு கையிலயுமான்னு அம்மா கேட்டப்போ எனக்கு உயிரே வந்துச்சு. அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு, இனிமே அம்மா பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன். அப்புறம் அம்மா செருப்பை எடுத்து மாட்டினாங்க." இதை அவர் அழாமல்தான் சொன்னார். என் மேஜையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்.

அம்மா, நான் பொய் எழுதச் சொல்லவில்லை. தாக்கியதைப் பார்த்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். அப்படி எழுதிவந்த தாள் எங்கள் தவறு, அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்து வைத்திருக்கிறோம். ஆனால் நீங்கள் சேர்த்த கடைசி வரி, 'வேறெதுவும் எனக்குத் தெரியாது.' அது உண்மையா என்று மட்டும் கேட்கிறேன். வழுக்கி விழுந்த கையைப் பார்த்து யாரும் 'ரெண்டு கையிலயுமா' என்று கேட்பதில்லை.

காயம் எந்த வடிவத்தில் இருந்தது என்று எழுதுங்கள். அது போதும் என்கிறார் சட்ட உதவி வக்கீல். 22ஆம் தேதி காலைக்குள் வேண்டும்.

எங்கள் மேஜையைப் பற்றி உங்களுக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். நேற்று வியாழக்கிழமை. மருத்துவமனைக்காரர் வரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டாராம், புதியவருக்கு இந்த மேஜையைப் பற்றித் தெரியாது. மகளிர் பிரிவிலிருந்து வந்தவர் பத்து நிமிடம் இருந்துவிட்டு ஊர்வலப் பாதுகாப்புக்குப் போய்விட்டார். மீதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒருங்கிணைப்பாளர்


மார்ச் 18

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் தட்டச்சு இயந்திரத்தின் உறைக்குக் கீழே வைத்திருந்தேன்.

அந்த வரி உண்மையில்லை.

எனக்குத் தெரிந்தது. களிம்பு தடவிய விரல் என்னுடையது. ஒவ்வொரு மணிக்கட்டிலும் வெளிப்பக்கம் நான்கு நீல அடையாளம், உட்பக்கம் ஒன்று. என் விரலை அந்த அடையாளங்களின் மேல் வைத்துத்தான் தடவினேன். என் கையைவிடப் பெரிய கை அது. குளியலறைக்கு விரல் கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் பேருந்தில் ஏற்றினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. ஆனாலும் எழுதுகிறேன். இந்த மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தவள் நான். மூன்று பேர் பெண் கேட்டு எழுதியிருந்தார்கள். இவர் கடிதத்தில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. ஓரம் சீராக விட்டிருந்தது. என் மகளுக்கு இரண்டாமவரைப் பிடித்திருந்தது, "சிரிச்ச முகமா இருக்காரும்மா" என்றாள். "சிரிப்பை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது, எழுத்தைப் பாரு" என்றேன். கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை அன்று தங்க வைத்திருந்தால், மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி "என்ன, பொண்ணு வந்திருக்காளா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக அனுப்பினேன். என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். அவருக்குப் பெண்ணென்றால் உயிர். 'கமா' என்றுதான் கூப்பிடுவார், எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க மாட்டாள் என்பதால். பாதியில் நிறுத்துவாள், மீதியை நாம்தான் கேட்க வேண்டும். அவர் கேட்பார்.

புதிய வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்திருக்கிறேன். காயத்தின் வடிவம், எண்ணிக்கை, இடம், நிறம் எல்லாம் இருக்கின்றன. முதல் தாளின் கடைசி வரி பொய் என்றும், அதை எழுதியவள் நான் என்றும், எழுதக் காரணம் என் அகந்தை என்றும் சேர்த்திருக்கிறேன்.

கோப்பு ஐந்து அலுவலகத்துக்கும் பொது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போவதால்தான் கோளாறு வருகிறது என்பதையும் பார்த்தேன். எனவே யாரும் விடுபடக் கூடாது என்று ஐந்து பேருக்கும் தனித்தனியே, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற நான்கு பேருக்கும் நகல் போயிருக்கிறது என்று முறைப்படி குறித்திருக்கிறேன். கார்பன் வைத்து அடித்ததில் ஐந்தாவது மங்கலாக இருந்தது. அதைக் கிழித்துவிட்டுத் தனியாக அடித்தேன்.

அவளிடம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லுங்கள். அன்றே தெரியும் என்று சொல்லுங்கள். எது அவளுக்கு அதிகம் வலிக்குமோ அதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லுங்கள்.

அவள் தாய்


மார்ச் 28

அம்மா,

ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உங்களுக்கு எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உத்தரவு நீட்டிக்கப்படவில்லை.

உங்கள் கடிதம் 20ஆம் தேதி ஐந்து அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஐந்து ஒப்புகை அட்டையும் உங்களுக்குத் திரும்பி வந்திருக்கும். 21ஆம் தேதி வியாழக்கிழமை. அதிசயமாக ஐந்து பேரும் வந்திருந்தோம். மகளிர் பிரிவிலிருந்து வந்தவர் கேட்டார், "அந்த அம்மா லெட்டர் வந்துச்சா?" வக்கீல், "வந்துச்சு" என்றார். நான், "எங்களுக்கும் வந்துச்சு" என்றேன். மருத்துவமனைக்காரர், "எங்களுக்கும்தான்" என்றார். "அப்ப சரி" என்றார் இல்லத்துக் கண்காணிப்பாளர். பிறகு அடுத்த கோப்பை எடுத்தோம்.

அவ்வளவுதான் அம்மா. வேறெதுவும் நடக்கவில்லை. அடியில் மற்ற நான்கு பெயரையும் பார்த்த ஒவ்வொருவரும், நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியவர் வேறொருவர் என்று நினைத்தோம். தாக்கல் செய்ய வேண்டியவர் வக்கீல்தான். ஆனால் எங்கள் நடைமுறைப்படி, கோப்பில் புதிய தாள் சேர்ந்தால் அதற்கு நான் ஒரு இணைப்புக் குறிப்பு எழுதி அனுப்பிய பிறகே அவர் தாக்கல் செய்வார். நேராக வந்த தாளை அவர் தகவலுக்கான நகல் என்று எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு நேராகப் போய்விட்டதே என்று நான் குறிப்பு எழுதவில்லை. உங்கள் கடிதம் என் மேஜையின் இடது பக்கத் தட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் அந்தத் தட்டைத் தாண்டித்தான் நீதிமன்றத்துக்குப் போனேன்.

நீதிபதி, "தாயாரின் வாக்குமூலமே குளியலறை என்கிறதே, வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். வக்கீல் கோப்பைப் புரட்டினார். நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து சொல்ல முயன்றேன். உட்காரச் சொன்னார்கள். ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

25ஆம் தேதி பதினோரு மணிக்கு உங்கள் மகள் இல்லத்தைக் காலி செய்தார். இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டேன். அந்தப் படுக்கைக்கு ஏற்கெனவே வேறொரு பெண் வரவேற்பறையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவரையும் நான்தான் அனுப்பியிருந்தேன்.

வாசல்வரை கூடப் போனேன். "அம்மா வீட்டுக்குப் போகலாமே. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க, காட்டினேனே" என்றேன். "காட்டினீங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். "ஆனா போனா, அஞ்சரைக்கு பஸ் இருக்கான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன் மேடம்." பதிவேட்டில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் கையெழுத்திட்டார். வேறு இடம் அந்தத் தாளில் இல்லை. அதன் பிறகு அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. தொலைபேசி அணைந்திருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. தவறு தெரிந்ததும் வக்கீல் பதறிப்போய், மறு ஆய்வு கேட்டு 26ஆம் தேதி உங்கள் இரண்டாவது வாக்குமூலத்தைத் தாக்கல் செய்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. தாக்கல் செய்தால் மறு தரப்புக்கு நகல் போகும். நான் ஓடிப்போய்க் கேட்டபோது தபாலில் சேர்த்தாகிவிட்டது என்றார்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒருங்கிணைப்பாளர்


ஏப்ரல் 3

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

ஐந்து அட்டைகளும் திரும்பி வந்தன. ஐந்திலும் கையெழுத்து இருக்கிறது. உங்களைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, நானே நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அந்த வலியோடு பேருந்து நிறுத்தம்வரை நடக்க முடிந்ததே.

அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுக் காலை மருமகன் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. அவரே கதவைத் திறந்தார். "வாங்க அத்தை, நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். கடைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். பத்து நாளைக்கு ஆள் போட்டிருப்பதாகச் சொன்னார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். முழுக்கை. விரல் கணுவரை இறக்கி விட்டிருந்தாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"உங்க ரெண்டாவது லெட்டரும் வந்துச்சு அத்தை" என்றார். "எவ்வளவு விவரமா எழுதியிருக்கீங்க. நாலு விரல், ஒரு விரல்னு. எனக்கே தெரியாது. ஒரு தப்பு இல்லை, ஒரு அடித்தல் இல்லை. இவளுக்கு ஏன் அது வரலை?" சிரித்துக்கொண்டே சொன்னார். குரல் உயரவே இல்லை.

"நான் எழுதினதுக்கு என்னைக் கேளுங்க. அவளை விட்டுடுங்க" என்றேன்.

"நான் யாரையும் பிடிச்சு வைக்கலையே. ஏய், நான் உன்னைப் பிடிச்சா வெச்சிருக்கேன்?"

"இல்லை" என்றாள்.

"சத்தமா சொல்லு. அத்தைக்கு வயசாயிடுச்சு."

"இல்லைங்க."

"வா, என்கூடக் கிளம்பு" என்று அவர் முன்னாலேயே சொன்னேன். என் வாழ்நாளில் பிறர் முன்னிலையில் அப்படிக் குரலெடுத்துப் பேசியதில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். "போறதுன்னா போகட்டும் அத்தை. நான் வந்து கூட்டிக்கிட்டு வந்துடுவேன். உங்க வீடு எனக்குத் தெரியாதா?" என்றார்.

என் வீட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்தான். பின்கதவுக்கு அதுவும் சரியில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக் குனிய முடியாமல் நின்றேன். அவள் குனிந்து வாரைப் போட்டுவிட்டாள். அந்த நேரத்தில் அவர் கூடத்தில் இருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்: "அந்த லெட்டரை எனக்குப் படிச்சுக் காட்டினார்மா. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி. இனிமே எதுவும் எழுதாதீங்கம்மா. உங்களைக் கும்பிடறேன்."

இதை அவள் பாதியில் நிறுத்தவில்லை. முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அங்கிருந்து நேராக மகளிர் பிரிவுக்குப் போனேன். "உங்க பொண்ணு வந்து கம்ப்ளெயின்ட் குடுக்கட்டும் பாட்டி" என்றார்கள். வரமுடியாத நிலையில் இருக்கிறாள் என்றேன். "அப்ப சட்ட உதவியில கேளுங்க." சட்ட உதவியில், மறு ஆய்வு மனுவுக்கு அவள் கையெழுத்து வேண்டும், அவள் கிடைக்காததால் மனு நிற்கிறது என்றார்கள். மருத்துவமனையில், அவளைக் கூட்டிவந்தால் பார்ப்போம் என்றார்கள். இல்லத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார்கள். உங்கள் ஆலோசனைப் பிரிவில் நீங்கள் இல்லை, அங்கிருந்த பெண் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்து, நான் சரியாகத் தூங்குகிறேனா என்று விசாரித்தார். அன்பான பிள்ளை அது. மற்ற நான்கு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொன்னேன். யாரிடமும் கோப்பு இல்லை. கோப்பு மூடப்பட்டு உங்களிடம் திரும்பிவிட்டதாம், காரணம் 'பயனாளியின் விருப்பம்' என்று போட்டிருக்கிறதாம்.

எழுதாதே என்று அவள் கும்பிட்டுக் கேட்டாள். எழுதினால் அவளுக்கு அடி விழும் என்றால் எழுதக் கூடாது. எழுதாவிட்டாலும் விழும் என்பதை நேற்று அந்தக் காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தெரியவில்லை. உங்களுக்கும் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவளையும், கேட்டுவிட்டு என்னை அனுப்பியவர்களையும் விட்டால், அவள் கால் எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் இப்போது உலகத்தில் நாம் மூன்று பேர்தான். அதில் ஒருவர் அவர்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மகளின் கையெழுத்து இல்லாமல், தாய் என்ற முறையில் நானே மனு கொடுக்க முடியுமா? முடியுமென்றால், அதன் நகல் அவருக்குப் போவதற்கு முன்பே அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர உங்கள் ஐந்து பேரில் ஒருவர் வருவாரா? வருவதானால் யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?

முடியாதென்றால் முடியாது என்றே எழுதுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், ஆளனுப்பவும் வேண்டாம். தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

அவள் தாய்